அரைக் கிலோ நாய்க்குட்டியும் மாட்டு உண்ணி மருந்தும்

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பரும் வாழையும் வைத்திருக்கிறோம், இரண்டு மாடு உண்டு. மகள் கேட்டாள் என்று 45 நாள் ஆன பொமரேனியன் குட்டி ஒன்றை வாங்கினோம். வந்து இரண்டு வாரம் ஆகிறது, தராசில் வைத்தால் 520 கிராம்தான். பசும்பாலும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம். வயிறு பானை மாதிரி உப்பியிருக்கிறது, முதுகில் எலும்பு தட்டுகிறது. காதிலும் கழுத்திலும் உண்ணி. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கலந்து குளிப்பாட்டலாமா? வெக்கைக்கு முடியை மொட்டை அடிக்கலாமா? பெரிதானால் தோட்டக் காவலுக்கு ஆகுமா?

பதில்: முதல் வேலையாக அந்த மாட்டு மருந்தைக் கைக்கு எட்டாத பரணில் ஏற்றி வையுங்கள் அண்ணாச்சி, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். மாட்டு உண்ணிக்கு விற்பதில் பெரும்பாலும் அமிட்ராஸ், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் இதில் ஏதோ ஒன்று இருக்கும். 300 கிலோ மாட்டின் தோலுக்குக் கணக்குப் போட்டு வைத்த மருந்து. அமிட்ராஸ் பட்டால் இந்த வயதுக் குட்டிக்கு உடம்புச் சூடும் இதயத் துடிப்பும் இறங்கி மயங்கிப் போகும், மற்ற இரண்டும் கூடிப்போனால் வாயில் நுரை தள்ளி வெடவெடவென்று நடுங்கும். ஊசி போட்டால் என்ன என்று அடுத்து யாராவது யோசனை சொல்வார்கள், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: உண்ணிக்கும் புழுவுக்கும் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி 50 கிலோ எடைக்கு 1 மில்லி. உங்கள் குட்டிக்கு அந்தக் கணக்கில் 0.01 மில்லி வருகிறது, அதை எந்தச் சிரிஞ்சில் அளப்பீர்கள்? ஒரு சொட்டு போட்டாலே பல மடங்கு போய்விடும்.

உண்ணியைக் கையால் எடுங்கள். கொசகொசவென்று நிறைய இல்லையென்றால் அதுவே போதும். புருவம் திருத்தும் சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர் உள்ள டம்ளரில் போடுங்கள், விரலால் நசுக்க வேண்டாம். நிறைய இருந்தால் ஃபிப்ரோனில் ஸ்பிரே உண்டு, சின்னக் குட்டிகளுக்கும் ஆகும், ஆனால் எடை பார்த்து எத்தனை அழுத்து என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குட்டியின் மேல் தெரியும் உண்ணி கொஞ்சம்தான். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் விரிசலிலும் சாக்கு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும், அதனால் குட்டி படுக்கும் சாக்கை வெந்நீரில் போட்டு வெயிலில் காயவிடுங்கள், மூலை முடுக்கெல்லாம் கூட்டுங்கள்.

சரி, வளர்ச்சி. 520 கிராம் என்பது குறைவா இல்லையா என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அசல் பொமரேனியன் வளர்ந்தாலே 2 முதல் 3 கிலோதான், அதன் இரண்டு மாதக் குட்டி அரைக் கிலோ சொச்சம் இருப்பது சாதாரணம். ஆனால் நம் ஊரில் பொமரேனியன் என்று விற்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ், அதில் சின்ன ரகமே 5, 6 கிலோ வரும். அந்த ரகமென்றால் இந்த எடை குறைவுதான். தாய் நாயைப் பார்த்தீர்களா என்று கேட்க நினைத்தேன், பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

வயதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன, உங்களுக்கு விற்றவர் 45 நாள் என்று தானே சொல்லித்தான் விற்றிருக்கிறார். அதுவாவது உண்மையா என்று வாயைத் திறந்து பாருங்கள். 28 பால்பற்களும் 8 வாரத்துக்குள் வந்துவிடும், சின்ன ரகத்தில் கொஞ்சம் முன்பின் ஆகும். கடைவாய்ப் பக்கம் இன்னும் வெறும் ஈறுதான் என்றால் குட்டி உங்களிடம் வரும்போது ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது, தாய்ப்பாலை விட்டுச் சரியாகத் தின்னப் பழகுவதற்கு முன்பே பிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எப்படியானாலும் பானை வயிறும் எலும்பு தட்டும் முதுகும் சேர்ந்து வந்தால் நான் முதலில் நினைப்பது குடற்புழு. உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்கு வந்துவிடும், கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும், ஆக வீட்டை விட்டு இறக்காமல் வளர்த்தாலும் புழு இருக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், வெளிறிப் போயிருந்தால் கொக்கிப்புழு இரத்தம் உறிஞ்சுகிறது, உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும், விற்றவர் கொடுத்திருக்க மாட்டார். எடை பார்த்துக் கொடுக்கும் திரவ மருந்தை அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், போகும்போது காலையில் போட்ட மலத்தில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள்.

பசும்பாலை நிறுத்துங்கள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல், சர்க்கரை மட்டும் பசும்பாலில்தான் கூடுதல், அது குட்டிக்கு வயிற்றைக் கலக்கும். பிஸ்கட் வெறும் மாவும் சர்க்கரையும். குட்டிகளுக்கென்றே விற்கும் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைய ஊறவைத்துக் கொடுங்கள், கூட அவித்த முட்டை, அவித்து முள் எடுத்த சாளை மீன் என்று கொஞ்சம் சேர்க்கலாம். வீட்டு மீன்குழம்பு வேண்டாம், அதில் வெங்காயம் இருக்கும். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) கொடுத்தால் வயிறு நிறையும், எடை ஏறாது.

ஒரு நாளைக்கு ஐந்து வேளை, கடைசி வேளை நீங்கள் படுக்கப் போகும்போது. இவ்வளவு சின்னக் குட்டிக்கு ஈரலில் சர்க்கரை இருப்பு குறைவு, நாலைந்து மணி நேரம் வயிறு காய்ந்தாலே தள்ளாடும், உடம்பு சில்லிட்டுத் துவண்டு விழும், சிலது வலிப்பு வந்தே போய்விடும். அப்படி ஆனால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். விரலில் துளி தேன் தொட்டு ஈறில் தேயுங்கள், மார்த்தாண்டம் தேன் உங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் இருக்குமே, அப்புறம் துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு ஓடுங்கள். மழை இரவில் படுக்கைக்குப் பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் ஒன்று வைப்பது நல்லது.

வாரம் ஒரு முறை அதே தராசில் நிறுத்துக் காலண்டரில் எழுதுங்கள். ஸ்பிட்ஸ் என்றால் வாரத்துக்கு 100 கிராமாவது ஏற வேண்டும், அசல் பொமரேனியன் என்றால் 40, 50 போதும். புழு மருந்து கொடுத்து, தீனி மாற்றியும் ஏறவில்லை, சாப்பிட்டவுடன் கிறங்குகிறது, அல்லது மூக்கு வழியே பால் வருகிறது என்றால் பிறவிக் கோளாறாக இருக்கலாம், அதற்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவதுதான் சரி.

மொட்டை அடிக்கவே வேண்டாம். இந்த ரகத்துக்கு முடி இரண்டு அடுக்கு, அடிமுடி வெக்கையையும் தடுக்கும், மேல்முடி வெயில் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளும். ஒட்ட வெட்டினால் சிலவற்றுக்கு முடி திரும்ப வராமல் திட்டுத்திட்டாகவே நின்றுவிடும். ஆசனவாயைச் சுற்றியும் பாதத்துக்கு அடியிலும் மட்டும் கத்தரியுங்கள், தினமும் சீப்பு போடுங்கள், வெக்கைக்கு நிழலும் தண்ணீரும் போதும். நாலாவது மாதத்தில் குட்டிமுடி கொட்டிக் குரங்கு முகம் மாதிரி ஆகும், அப்போது பயப்படாதீர்கள். கண்ணைச் சுற்றி வட்டமாகக் கொட்டினால் மட்டும் காட்டுங்கள், அது சொறியாகவோ படர்தாமரையாகவோ இருக்கலாம், படர்தாமரை என்றால் மகளுக்கும் ஒட்டும். குளியல் இப்போதைக்கு வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். எடை தேறியபின் வெதுவெதுப்பான தண்ணீரில் நாய் ஷாம்பு போடலாம், நாம் போடும் சோப்பு வேண்டாம்.

தடுப்பூசி இதுவரை போடவில்லையென்றால் மருத்துவர் பார்த்துவிட்டு நாள் சொல்வார், முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள், பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய் வந்தால் அரைக் கிலோ குட்டி தாங்காது. வெறிநாய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம். அதற்குள் மகளைக் கடித்தால், குட்டிதானே என்று விடாமல் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தோட்டத்தில் வாழைக்கு வைக்கும் குருணை மருந்தும் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டும் இதன் மூக்குக்கு எட்டாமல் இருக்கட்டும்.

காவல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குரைக்கும், நன்றாகவே குரைக்கும், யார் வந்தாலும் வராவிட்டாலும் குரைக்கும். காட்டுப்பன்றிக்கு வேலியைத்தான் கட்ட வேண்டும்.