பைக்குக்கு எந்த ஆயில்? டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்

கேள்வி: என் 150 சிசி கியர் பைக்குக்கு ஐந்து வயது ஆகிறது. வண்டியோடு வந்த புத்தகத்தில் 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறது. வண்டி பழசாகிவிட்டதால் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால்தான் எஞ்சின் சத்தம் அடங்கும் என்கிறார் மெக்கானிக். காருக்கு வாங்கிய ஃபுல் சிந்தெடிக் ஆயில் ஒரு லிட்டர் வீட்டில் பிரிக்காமல் இருக்கிறது. அதை ஊற்றிவிடலாமா? எதைக் கேட்பது?

பதில்: புத்தகம் சொல்வதைக் கேளுங்கள். கார் ஆயில் வேண்டாம், 20டபிள்யூ-50யும் வேண்டாம்.

நல்ல ஆயில் சும்மா கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், புரிகிறது. ஆனால் காரில் ஆயிலுக்கு எஞ்சின் வேலை மட்டும்தான். உங்கள் பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஊறிக் கிடக்கின்றன. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் எஞ்சினின் இழுவை சக்கரத்துக்குப் போய்ச் சேரும். கார் ஆயில் பலவற்றில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று வழவழப்பைக் கூட்டும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். காருக்கு அது நல்லது, உங்கள் கிளட்ச்சுக்குக் கெடுதல். முதல் நாளே தெரியாமலும் போகலாம். அப்புறம் மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் மட்டும் அலறும், வண்டி இழுக்காது. அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் தட்டுகள் தீய்ந்து, கிளட்ச்சையே மாற்ற வேண்டி வரும்.

இதைத் தவிர்க்கத்தான் ஜாசோ முத்திரை வந்தது. ஜப்பானியர்கள் 1998-ல் கொண்டுவந்தது. எம்ஏ என்றால் கிளட்ச் ஆயிலில் ஊறும் வண்டிக்கு உரியது. எம்பி என்றால் வழவழப்பு அதிகம், உங்களுக்கு ஆகாது. எம்ஏ1, எம்ஏ2 என்பவை எம்ஏவுக்குள்ளேயே இருக்கும் உட்பிரிவுகள், இரண்டில் எம்ஏ2வுக்குப் பிடிப்பு அதிகம். உங்கள் புத்தகத்தில் எம்ஏ என்றுதானே இருக்கிறது? அப்படியானால் மூன்றில் எது கிடைத்தாலும் சரி.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், டப்பாவின் முன்பக்கம் முழுக்கப் பந்தய வண்டிப் படமும் 'பவர்', 'அல்ட்ரா' போன்ற வார்த்தைகளும்தான். வாங்குபவருக்கு உண்மையிலேயே வேண்டிய அந்த இரண்டெழுத்து, பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும். அதை முன்னால் பெரிதாகப் போட வைக்க இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. சர்வீஸ் பில்லில் 'ஆயில்' என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுப்பதையும் எல்லோரும் வாங்கிக்கொண்டு போகிறோம். எந்த கிரேடு (10டபிள்யூ-30 போன்ற எண்), எந்த முத்திரை என்று எழுதச் சொல்லுங்கள்.

இனி கெட்டி ஆயில் விஷயம். 30, 50 என்கிற அந்த இரண்டாவது எண், எஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 100 டிகிரி செல்சியஸில் அளப்பார்கள். 50 போட்டால் சத்தம் கொஞ்சம் அடங்குவது உண்மைதான், ஆனால் சத்தத்துக்கான காரணம் அப்படியே இருக்கும். டேப்பட் இடைவெளியையோ டைமிங் செயினையோ பார்க்க வேண்டிய இடத்தில் ஆயிலை வைத்து மூடி மறைக்கிறோம். கெட்டி ஆயில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே ஏறவும் நேரம் எடுக்கும், எஞ்சின் தேய்வது அந்தச் சில நொடிகளில்தான் அதிகம். ஐந்து வருடம் ஓடிய எஞ்சின் கிழடு இல்லை. மினரலா சிந்தெடிக்கா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். கிரேடும் முத்திரையும் பொருந்தினால் உங்கள் வண்டிக்கு இரண்டும் ஓடும்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெல்ட்டில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிளட்ச் ஆயில் படாத இடத்தில் இருக்கிறது. அவற்றின் புத்தகத்தில் எம்பி என்று இருக்கலாம், அது சரியே. அந்த ஸ்கூட்டருக்கு வாங்கிய எம்பி ஆயிலில் மிஞ்சியதைப் பைக்கில் ஊற்றுவதுதான் தவறு. மாறாக, எம்பி கேட்கும் ஸ்கூட்டரில் எம்ஏ ஊற்றினால் எதுவும் கெடாது, மைலேஜ் லேசாகக் குறையலாம். இன்னொன்று, பார்க்க ஸ்கூட்டர் மாதிரி, கையில் கிளட்ச் லீவர் இல்லாமல், காலால் கியர் மாற்றும் வண்டிகள் உண்டு. அவற்றில் கிளட்ச் ஆயிலுக்குள்தான் இருக்கிறது, எம்ஏதான் வேண்டும். லீவர் இல்லையே என்று எம்பி ஊற்றிக் கெடுத்த வண்டிகளை என் கையாலேயே பிரித்திருக்கிறேன்.

ஆயில் மாற்றும்போது தயவுசெய்து பக்கத்தில் நில்லுங்கள். டப்பா மூடியின் சீல் உங்கள் கண்முன் உடைய வேண்டும். பேரலிலிருந்து பிடித்து ஊற்றும் ஆயிலில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. காலி டப்பாவைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் மட்டமான ஆயிலை நிரப்பி, புது மூடி போட்டு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கத்தியால் கிழித்துவிட்டுக் கிளம்புங்கள். 'இதைக் கொஞ்சம் சேர்த்தால் எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடும்' என்று சின்ன பாட்டில் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவற்றில் பலவும் அதே வழவழப்பு மருந்துதான், விற்பவருக்குக் கமிஷன் நிறைய.

அளவும் முக்கியம். 'வாங்கியாச்சு, வீணாக்குவானேன்' என்று முழு லிட்டரையும் கவிழ்க்காதீர்கள். கூடினால் நுரைக்கும், ஏர் ஃபில்டர் பக்கம் தள்ளும், சீல்களில் கசியும். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் விடாமல் நேராக நிறுத்தி, எஞ்சினை ஓட்டி அணைத்து, சில நிமிடம் கழித்து அளவைப் பாருங்கள். அளவுக் கம்பியைத் திருகிவிட்டுப் பார்ப்பதா, திருகாமல் சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதுவும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது.