தாடை திருந்திய பின்னரும் வலி ஏன்?

கேள்வி: எனக்கு வயது 26. உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. முன்தள்ளியிருந்த கீழ்த்தாடைக்காக 2 வருடம் பல்லுக்குக் கம்பி போட்டு, 14 மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். 5 மாதங்களாகக் காலையில் எழும்போது காதின் முன்புறம் வலிக்கிறது. வாய் திறக்கையில் 'டக்' என்று கேட்கிறது. கீழுதட்டின் வலப்பக்கம் இன்னும் விறைப்பாகவே உள்ளது. வீட்டிலோ, "முகம் வடிவாக வந்துவிட்டதே, இனி என்ன?" என்கிறார்கள். வலியைச் சொல்வதே நன்றிகெட்டதனமோ என்று கூசுகிறேன்.

பதில்: அன்பின் சகோதரி, கூச வேண்டாம். 3 மாதங்களைத் தாண்டிய வலியை நாட்பட்ட வலி என்றே மருத்துவம் கணக்கிடுகிறது. நாள் முழுவதும் பேசிப் பிழைக்கும் ஆசிரியைக்குத் தாடை வலித்தால், தொழிலும் உறக்கமும் நாலுபேரோடு இருந்து உண்பதும் ஒருசேரக் கெடும். சிகிச்சையின் வெற்றியைப் புகைப்படத்தில் மட்டும் பார்ப்பது வைத்தியர்களாகிய எங்கள் பக்கத்துத் தவறு; விருந்து வீட்டில் கணவாய்க் கறியை ஒதுக்குகிறீர்களா என்பதையும் நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

விழித்தவுடன் கூடுதலாக இருக்கும் வலி, உறக்கத்தில் பல்லை இறுக்குவதால் கன்னத்துத் தசைகள் களைத்துப்போவதையே பெரும்பாலும் காட்டுகிறது. கன்னத்தில் விரல்களை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். புடைக்கும் தசையை அழுத்தும்போது உங்களுக்குப் பழகிய அதே வலி எழுந்தால், மூலம் அங்கேயே இருக்கக்கூடும். 'டக்' ஒலி, மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு சற்று விலகி மீள்வதால் வருவது. வலியில்லாத ஒலிக்குச் சிகிச்சை தேவையில்லை. ஆனால் ஒலி திடீரென நின்று, உங்கள் மூன்று விரல்களை நெடுக்காக வைக்கும் அளவுக்கும் வாய் திறக்காமற் போனால், தட்டு இடம்பெயர்ந்து வழியை மறிக்கிறது என்று கருதித் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

கம்பிதான் காரணமோ என்று பலர் கேட்பார்கள். பல்சீரமைப்பு தாடை மூட்டு நோயை உண்டாக்குவதாகவோ குணமாக்குவதாகவோ ஆய்வுகள் நிறுவவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் மூட்டுவலி பலருக்குக் குறைகிறது, சிலருக்குப் புதிதாகத் தோன்றுகிறது. ஆகவே இந்த ஒலி முன்னரும் இருந்ததா என்பதை நினைவுபடுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உதட்டு விறைப்பு வேறு விடயம். கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஓடும் நரம்பு, எலும்பை வெட்டி நகர்த்தும்போது இழுபடுகிறது. உணர்வு பெரும்பாலும் முதலாண்டிலேயே திரும்பும். அதன் பிறகு மெதுவாகத்தான் கூடும், சிலருக்கு விறைப்பின் ஒரு பகுதி நிலைத்தும் விடும். சூடான தேநீரில் அவதானம் தேவை. அவ்விடத்தில் எரிவோ மின்னதிர்ச்சி போன்ற குத்தலோ வந்தால், அதற்கெனத் தனி மருந்து உண்டு.

நான் அதிகம் அஞ்சுவது கடி, அதாவது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம், மாறுவதைத்தான். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமற் போனாலோ, நாடி மெல்ல முன்னோ பின்னோ நகர்ந்தாலோ, வீக்கமோ சீழோ கண்டாலோ சத்திரசிகிச்சை நிபுணரை உடனே சந்தியுங்கள்.

இப்போதைக்கு, உணவு வேளை தவிர்ந்த நேரங்களில் உதடுகள் மூடியும் பற்கள் விலகியும், 'ன' என்று சொல்லும்போது தொடும் இடத்தில் நா நுனி தங்கியும் இருக்கட்டும். வெந்நீரில் நனைத்த துணியை நாளுக்கு இருமுறை 15 நிமிடம் கன்னத்தில் வையுங்கள். இரண்டு வாரம் இடியப்பமும் சொதியும் குழைத்த சோறும் போதும். கணவாய், முறுக்கு, பனங்கிழங்கு காத்திருக்கலாம். கொட்டாவி வரும்போது நாடியைக் கையால் தாங்குங்கள். பரசிற்றமோல் சில நாட்களுக்கு எடுக்கலாம், வாரக்கணக்கில் வேண்டாம். இரவில் பற்களின் மேல் அணியும் தகட்டைப் பல் வைத்தியரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள், கடையில் வாங்க வேண்டாம். பல்லை அராவிக் கடியைச் சரிசெய்வோம் என்று எவராவது தொடக்கத்திலேயே சொன்னால், சம்மதிக்காதீர்கள். அராவிய பல் திரும்ப வளராது.

முதலில் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் காட்டி, கடிதம் பெற்றுக் கொழும்புக்குப் போங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பின்னரும் எடுத்த எக்ஸ்ரே படங்களை மறக்காதீர்கள். அவை இல்லாவிட்டால் எது மாறியது என்பதை எவராலும் ஒப்பிட முடியாது, இரவு ரயிலில் போய்வந்த களைப்புத்தான் மிஞ்சும். வைத்தியரைச் சந்திப்பதற்கு முந்திய இரண்டு வாரமும், எதை உண்ண முடியவில்லை, எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எந்தப் பாடவேளையில் வலி கூடியது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். அந்தத் தாளை வைத்தியரிடம் கொடுக்குமுன் வீட்டாரிடம் வாசிக்கக் கொடுங்கள்.