ஷேக்ஸ்பியரோட 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தை பி.ஏ. பசங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

நீங்க புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கீங்கன்னு நினைக்கிறேன், கிளாஸ்ல பாதிப் பேர் தமிழ் மீடியம், கையில நோட்ஸ வச்சுக்கிட்டு முழிக்கிறாங்க, அதானே? நானும் முதல் வருஷம் வரிக்கு வரி அர்த்தம் சொல்லித்தான் நடத்துனேன். ஒருத்தர் கூட சிரிக்கல. காமெடி நாடகம்ங்க அது! 1602 பிப்ரவரி 2ஆம் தேதி லண்டன்ல மிடில் டெம்பிள்ங்கிற சட்டம் படிக்கிற இடத்துல போட்டப்ப, அங்க சட்டம் படிச்ச மேனிங்ஹாம்ங்கிறவர் ஒலிவியாங்கிற சீமாட்டி வீட்டுக் காரியஸ்தன் மால்வோலியோவ பொய் லெட்டர் வச்சு ஏமாத்துனத ரசிச்சு டைரில எழுதி வச்சிருக்காரு. நம்ம பசங்க அத அஞ்சு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்றாங்க.

அடுத்த வருஷம் கதைச்சுருக்கத்த விட்டுட்டு அந்தக் கால இங்கிலீஷ்ல 'நீ'க்கு இருந்த 'தௌ', 'நீங்க'வுக்கு இருந்த 'யூ', இந்த ரெண்ட மட்டும் பிடிச்சுக்கிட்டேன். மூணாவது அங்கம் ரெண்டாவது காட்சி, ஆம்பள வேஷத்துல செசாரியோவா இருக்கிற வயோலாவ சண்டைக்கு இழுத்து லெட்டர் எழுதுன்னு ஒலிவியாவ கட்டிக்க ஆசைப்படுற ஆண்ட்ரூவ அவ சொந்தக்காரன் டோபி உசுப்பேத்துறான், ஒரு மூணு வாட்டி 'தௌ' போட்டு எழுது, தப்பில்லங்கிறான். முன்ன பின்ன தெரியாத ஆள நீ, வா, போன்னு எழுதுனா என்னடா ஆகும்னு கேட்டேன். வருஷம் பூரா வாயே திறக்காத கடைசி பெஞ்சு பையன் "அடி விழும் மிஸ்"னான். கிளாஸே சிரிச்சுது.

அப்புறம் முதல் அங்கத்துக்குத் திரும்பிப் போனோம். செசாரியோ கிளம்புனதும், அவன் மேல மனசு போன ஒலிவியா தனியா நின்னு, தான் கேட்ட கேள்விய சொல்லிப் பாக்குறா, அதுல 'யுவர்', அதாவது 'உங்க'. உடனே 'தௌ ஆர்ட்', உன் பேச்சு, உன் முகம்னு போகுது. ஒரு பொண்ணு அந்த 'தௌ'வ பென்சில்ல வட்டம் போட்டு, "எதிர்ல நீங்க, மனசுக்குள்ள நீ"ன்னு ஓரத்துல எழுதியிருந்தா. நான் சொல்லிக் கொடுக்கவே இல்ல.

எல்லா இடத்துலயும் இந்தக் கணக்கு பொருந்தாது, ரெண்டும் கலந்து வர்ற இடம் நிறைய, அது எனக்கும் தெரியும். தமிழ்ல நடத்துனா இங்கிலீஷ் எப்படி வரும்னு கேக்காதீங்க, வரிகள இங்கிலீஷ்லதான் வாசிச்சோம், புரிஞ்சுக்கிற புத்தி தமிழ்லேருந்து வந்தா என்ன தப்பு?

எங்க டிபார்ட்மெண்ட்ல இதெல்லாம் யாரும் கேக்கல, போர்ஷன் முடிஞ்சுதான்னு மட்டும் கேட்டாங்க. ஒன்பது வருஷமா கெஸ்ட் லெக்சரர், மே மாசம் சம்பளம் கிடையாது, ஆனா அட்மிஷன் வேலைக்கு மட்டும் முதல் ஆளா கூப்பிடுவாங்க. சரி, அத விடுங்க.

ஒலிவியாவ முதல்ல எடுக்காதீங்க. டோபி சீன்ல ஆரம்பிங்க, ரெண்டு பசங்கள எழுந்து நின்னு சத்தமா வாசிக்க விடுங்க.