பதில்: லூப்பில் ஆர்டர் எண்களைச் சேர்க்கும்போது ஓஆர்ஏ-06502

ஆரக்கிள் டேட்டாபேஸின் பிஎல்/எஸ்க்யூஎல் லூப்பில் ஆர்டர் எண்களை ஒரே வார்ச்சார்2(4000) மாறியில் (எழுத்துச் சரத்துக்கான வகை, 4000 அதன் அளவு) ஒட்டிக்கொண்டே போவதால் இடம் போதாமல் இந்தப் பிழை வருகிறது. அந்த 4000ஐ 32767 ஆக்கினாலும் பிழை தள்ளித்தான் போகும். பிஎல்/எஸ்க்யூஎல் மாறிக்கு 32,767 பைட்தான் உச்சம். டேபிளின் நெடுவரிசைக்கோ, மேக்ஸ்_ஸ்ட்ரிங்_சைஸ் என்ற டேட்டாபேஸ் அமைப்பை எக்ஸ்டெண்டட் ஆக்காதவரை, 4000 பைட்தான். அதனால் இன்சர்ட்டிலும் இடிக்கும்.

இறுதி மாறியையும் நெடுவரிசையையும் க்ளாப் (பெரிய உரைக்கான வகை) ஆக்குங்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் க்ளாப்போடு || (சரங்களை ஒட்டும் குறி) போட்டால் ஆமை வேகம்தான். வார்ச்சார்2(32767) ஒன்றில் சேர்த்து, அடுத்த எண் கொள்ளாது என்றதும் டிபிஎம்எஸ்_லாப்.ரைட்அப்பெண்ட் மூலம் க்ளாப்பின் கடைசியில் கொட்டி, அந்த மாறியைக் காலி செய்யுங்கள். முன்னதாக, தற்காலிக க்ளாப்பை உருவாக்கும் டிபிஎம்எஸ்_லாப்.கிரியேட்டெம்பரரி அவசியம். லூப் முடிந்ததும் மிச்சத்தையும் கொட்ட வேண்டும். மிச்சம் எதுவும் இல்லையென்றால் ரைட்அப்பெண்டை அழைக்காதீர்கள், பிழை வரும்.

கொள்ளுமா என்று பார்க்க லென்த்பி (பைட் எண்ணிக்கை). ரைட்அப்பெண்டுக்குக் கொடுக்கும் அளவோ லென்த் (எழுத்து எண்ணிக்கை), ஏனென்றால் க்ளாப்புக்கு அது எழுத்துக் கணக்கு. யூடிஎஃப்8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்ப் பெயர் கலந்தால் (‘தமிழ்’ = 15 பைட்) இந்த இரண்டும் ஒன்றல்ல. மற்ற மாறிகளுக்கு, நெடுவரிசையின் வகையையே எடுத்துக்கொள்ளும் %டைப் போதும்.