பொம்மை ட்ரோனின் ரிமோட் உடைந்துவிட்டது, வேறு ட்ரான்ஸ்மிட்டரில் ஓட்ட முடியுமா?

முடியும். "ரிமோட் தனியா வராது, புதுசே வாங்கிக்கோங்க" என்று உங்களையும் கடையில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

தண்டையார்பேட்டையில் என் அக்கா மகனுடைய ரிமோட் மொட்டைமாடியிலிருந்து விழுந்து உள்ளே போர்டே உடைந்துபோனது. ட்ரோனில் ஒரு கீறல்கூட இல்லை. நன்றாக ஓடுகிற பொருளைக் குப்பையில் போடச் சொன்னால் எனக்கு வயிறு எரியும்.

என்னிடம் எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் ரேடியோமாஸ்டர் ட்ரான்ஸ்மிட்டர் இருந்தது. அதன் மல்டி புரோட்டோகால் மாட்யூலில் (ரிமோட்டும் ட்ரோனும் பேசிக்கொள்ளும் மொழிதான் புரோட்டோகால், அதில் பலவற்றைப் பேசும் பகுதி இது) 4 ரேடியோ சிப்கள் உண்டு என்பதால் பெரும்பாலான பொம்மை ட்ரோன்களோடு பேசும். எங்கள் ட்ரோனில் கம்பெனிப் பெயரே கிடையாது. மலிவு ட்ரோன்கள் நிறைய 'பயாங்' புரோட்டோகாலில் வருவதால் அதையே முதலில் தேர்ந்தெடுத்தேன். இறக்கைகளைக் கழற்றி, திராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டும் ஸ்டிக்) அடியில் வைத்து, பைண்ட் (இரண்டையும் இணைக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு ட்ரோனில் பேட்டரியைச் செருகினேன். படபடவென்று மினுக்கிய விளக்குகள் நின்று எரிந்தன, இணைந்துவிட்டது. பையன் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஆயா மேலே வந்துவிட்டார்.

ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சானல் உண்டு, அந்த வரிசையைக் கட்டாயம் பாருங்கள். மாட்யூல் வழக்கமாக எதிர்பார்ப்பது எய்லரான் (பக்கவாட்டுச் சாய்வு), எலிவேட்டர் (முன்பின் சாய்வு), திராட்டில், ரடர் (இடம்வலம் திரும்புதல்). இது மாறியிருந்தால் நீங்கள் திருப்ப நினைக்கும்போது மோட்டார் சீறும். இறக்கையைக் கழற்றச் சொல்வது அதற்குத்தான். பயாங்கில் 5ஆம் சானல் குட்டிக்கரணம். கையை எடுத்ததும் தானே திரும்பும் சுவிட்சில் அதை வையுங்கள்.

பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள். சைமா கம்பெனி ட்ரோனில் எக்ஸ்5சி முதலில் வந்தது ஒரு புரோட்டோகால் வகை, பின்னால் வந்த எக்ஸ்5சி-1 வேறு வகை. மாட்யூலின் புரோட்டோகால் பட்டியலில் இரண்டும் தனித்தனி. வைஃபை வழியாக போனில் மட்டும் ஓடும் ட்ரோன் என்றால் இந்த வழி உதவாது.

"பொம்மையைவிட ட்ரான்ஸ்மிட்டர் விலை அதிகமாச்சே" என்று யாராவது வருவார்கள். இது ஒரு பொம்மைக்காக வாங்கியதில்லை. அடுத்தடுத்து வரும் ட்ரோனுக்கும் இதே போதும். அப்புறம், நல்ல ஸ்டிக்கில் பழகும் பையனின் கை நிதானம் வேறு.

250 கிராம் வரை எடையுள்ள ட்ரோன் நானோ வகை. 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டாம். துறைமுகம் பக்கம் மட்டும் போகாதீர்கள். சரி, பறக்கவிட இடம் எங்கே? எண்ணூர் விரைவுச் சாலை நெடுக கன்டெய்னர் லாரிகள், கொஞ்சம் காலி இடம் தெரிந்தால் அங்கேயும் லாரி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் விளையாட ஒரு மைதானம் வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லையா?

கடற்காற்று மதியத்துக்கு மேல் ஏறிவிடும், சின்ன மோட்டார் தாங்காது. காலையிலேயே பறக்கவிடுங்கள். பைண்ட் ஆகவில்லை என்றால் மாடல் பெயரைக் கீழே எழுதுங்கள், எந்த புரோட்டோகால் என்று பார்த்துச் சொல்கிறேன்.