உயிரியல் கலைச்சொற்கள்: மேல்நிலை முதலாண்டு மாணவர்களுக்கான கேள்வி பதில்

மேல்நிலை முதலாண்டு உயிரியலின் அடிப்படைச் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். எந்தச் சொல்லைப் படித்தாலும், அது மூலக்கூறைப் பற்றியதா, செல்லைப் பற்றியதா, தனி உயிரியைப் பற்றியதா, இனக்கூட்டத்தைப் பற்றியதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விடைத்தாள்களில் நான் கண்ட பிழைகளில் பெரும்பகுதி, ஒரு நிலைக்குரிய சொல்லை வேறொரு நிலையில் வைத்ததால் வந்தவை.

கேள்வி (மாணவி, கும்பகோணம்): ஐயா, பரவல், சவ்வூடு பரவல் இரண்டிலும் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்வதாகவே படித்தேன். ஆனால் சவ்வூடு பரவலில் நீர் செறிவு மிகுந்த கரைசலை நோக்கிச் செல்வதாகவும் புத்தகம் சொல்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்?

பதில்: எதனுடைய செறிவு என்பதைச் சொல்லாமல் விடுவதால் வரும் குழப்பம் இது. பரவலில், எந்தப் பொருள் நகர்கிறதோ அதனுடைய செறிவைப் பற்றிப் பேசுகிறோம். அங்கே சவ்வு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சவ்வூடு பரவலில் நகர்வது நீர்; ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லும் செறிவோ அதில் கரைந்துள்ள உப்பு அல்லது சர்க்கரையினுடையது. கரைபொருள் மிகுந்திருக்கும் பக்கத்தில் நீரின் ஆற்றல் குறைந்திருப்பதால், கரைபொருளைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வின் வழியே நீர் அந்தப் பக்கம் செல்கிறது. ஊறவைத்த உலர் திராட்சை உப்புவதும், உப்பிட்ட மாங்காய்த் துண்டுகள் நீர் விடுவதும் ஒரே விதியின் இரு திசைகள். இரத்தச் சிவப்பணுவை 0.9 சதவீத உப்புக் கரைசலில் வைத்தால் அதன் உருவம் மாறுவதில்லை. காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் நீர் உட்புகுந்து வெடித்துவிடும். தாவரச் செல் அதே நீரில் வெடிக்காமல் விறைத்து நிற்பதற்குச் செல்சுவர் காரணம். தேர்வில் எழுதும்போது "செறிவு" என்று தனியே எழுதாமல் "கரைபொருளின் செறிவு" என்று எழுதுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி (மாணவர், மட்டக்களப்பு): எங்கள் பாடநூலில் கலம், இழையம், ஒளித்தொகுப்பு, நிறமூர்த்தம், பிரசாரணம் என்று உள்ளது. நீங்கள் செல், திசு, ஒளிச்சேர்க்கை, குரோமோசோம், சவ்வூடு பரவல் என்கிறீர்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. நீங்கள் எழுதப்போகும் தேர்வின் சொல்லை எழுதுங்கள்.

கேள்வி (மாணவர், தூத்துக்குடி): மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். மைட்டாசிஸ் என்னும் செல் பிரிவுக்கு முன்பு டிஎன்ஏ இரட்டிப்பாகிறது என்றால் 92 ஆக வேண்டும் அல்லவா? ஆனால் விடையில் 46 என்றே இருக்கிறது.

பதில்: நல்ல கேள்வி. குரோமோசோம்களை எண்ணும்போது சென்ட்ரோமியர்களை எண்ணுகிறோம் என்று நினைவில் கொள்ளுங்கள். டிஎன்ஏ இரட்டிப்பான பின்பு ஒவ்வொரு குரோமோசோமிலும் குரோமாட்டிட்கள் என்னும் ஒரே மாதிரியான இரண்டு இழைகள், சென்ட்ரோமியர் என்னும் இடத்தில் இணைந்திருக்கும். அவை ஒன்றாகப் பிணைந்திருக்கும்வரை அது ஒரே குரோமோசோம்தான். ஆகவே அந்த நிலையில் குரோமோசோம்கள் 46, குரோமாட்டிட்கள் 92. அனாஃபேஸ் என்னும் கட்டத்தில் அவை பிரியும் நொடியில் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோம் என்னும் பெயரைப் பெறுகிறது. செல் முழுமையாகப் பிரியும்வரை அந்த ஒரே செல்லுக்குள் 92 இருக்கும். இனச்செல்களை உருவாக்கும் மியாசிஸில், முதல் பிரிவில் பிரிவது தாய், தந்தையிடமிருந்து வந்த இணை குரோமோசோம்கள், இரண்டாம் பிரிவில் பிரிவது குரோமாட்டிட்கள். இறுதியில் ஒவ்வொரு செல்லிலும் 23.

எண்ணுவது எளிதல்ல என்பதற்கு ஒரு சான்று: மனிதச் செல்லில் 48 குரோமோசோம்கள் இருப்பதாகவே அறிவியல் உலகம் பல ஆண்டுகள் நம்பியது. 46 என்னும் எண் 1956இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பணியாற்றிய ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் ஆகியோரின் கட்டுரையால்தான் நிலைபெற்றது.

கேள்வி (மாணவி, திண்டுக்கல்): தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கையும் இரவில் சுவாசித்தலும் செய்கின்றன என்று எழுதினேன். மதிப்பெண் குறைக்கப்பட்டது. ஏன்?

பதில்: குறைத்தது நியாயமே. தாவரச் செல் பகல், இரவு என்று பாராமல் எல்லா நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் சுவாசித்தலின் வேகத்தைவிட மிகுந்திருப்பதால், வெளியே கணக்கிடும்போது ஆக்சிஜன் வெளியேறுவது மட்டுமே தெரிகிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுவதால் சுவாசித்தல் கண்ணுக்குப் புலப்படுகிறது. மூச்சுவிடுதல் என்பது நுரையீரலோ செவுளோ உடைய உயிரியின் செயல். செல் சுவாசம் என்பது குளுக்கோஸ் போன்ற பொருள்களைச் சிதைத்து ஆற்றலைப் பெறும் செல்லின் செயல். மரத்துக்கு முதலாவது இல்லை, இரண்டாவது உண்டு. முன்னுரையில் நான் சொன்ன நிலை மாறாட்டம் இதுதான்.

கேள்வி (வாசகர்): அப்படியென்றால் அரச மரம் இரவிலும் ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று பெரியவர்கள் சொல்வது?

பதில்: தவறு. வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜனை வெளியிடாது.

கேள்வி (அதே வாசகர்): இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது, ஐயா. கள்ளி போன்ற கேம் (CAM) வகைத் தாவரங்கள் இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கின்றன. அரச மரமும் அந்த வகை என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்போது இரவில் ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: வாதம் இப்படி வருவதை வரவேற்கிறேன், ஏனெனில் இதற்கு விடை சொல்லும் வழியில் ஒளிச்சேர்க்கையின் பாதிச் சொற்கள் விளங்கிவிடும்.

ஒளிச்சேர்க்கையில் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, ஒளியின் ஆற்றலைக் கொண்டு நீரைப் பிளப்பது, இது ஒளிவினை. மற்றொன்று, அதனால் கிடைத்த ஆற்றலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரையை உருவாக்குவது. இது கால்வின் சுழற்சி. வெளியேறும் ஆக்சிஜன் முதல் வேலையில், நீரிலிருந்து வருகிறது; கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை. 1941இல் ரூபன், கேமன் முதலியோர் ஆக்சிஜன்-18 என்னும் எடை மிகுந்த ஆக்சிஜன் வகை (ஐசோடோப்பு) கலந்த நீரைப் பாசிகளுக்குக் கொடுத்து, வெளிவந்த ஆக்சிஜனில் அதைக் கண்டார்கள்.

கேம் தாவரங்கள் செய்வது என்னவென்றால், பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் வீணாகும் என்னும் வறண்ட சூழலில், இரவில் அவற்றைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மாலிக் அமிலமாக, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்னும் பையில் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை விடுவித்துக் கால்வின் சுழற்சிக்குக் கொடுப்பதாகும். இரவில் நடப்பது வரவு வைப்பது மட்டுமே. நீரைப் பிளக்க ஒளி வேண்டும், ஒளி இல்லை, ஆகவே ஆக்சிஜன் இல்லை. அரச மரம் கேம் வகையா இல்லையா என்னும் விவாதமே இதற்குத் தேவையில்லை. சந்தேகமின்றிக் கேம் வகையான கள்ளியும் அன்னாசியும்கூட இருளில் ஆக்சிஜனைத் தருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னையில் இருந்த பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் நன்றாகப் புளித்த இலை நண்பகலில் சுவையற்றுப் போனதையும், மாலையில் சற்றே கசந்ததையும் அவர் எழுதியனுப்பிய குறிப்பு 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. இரவில் சேர்ந்த மாலிக் அமிலமே காலையில் அவர் நாவில் புளித்தது.

கேள்வி (வேறொரு வாசகர்): படுக்கையறையில் பாம்புக்கற்றாழை வைத்தால் இரவில் காற்று தூய்மையாகும் என்று விற்கிறார்களே?

பதில்: மேலே சொன்னதே இதற்கும் பொருந்தும். இரவில் அது சிறிதளவு கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கலாம். ஆனால் ஓய்வில் இருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவரே நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார்; ஒரு தொட்டிச் செடி அதற்கு ஈடுகொடுக்காது. சன்னலைத் திறந்து வையுங்கள். இதன் மறுபக்கமாக, இரவில் புளிய மரத்தடியில் படுத்தால் மரம் விடும் காற்றால் உயிர் போய்விடும் என்று அஞ்சுவதற்கும் அடிப்படை இல்லை. திறந்த வெளியில் ஒரு மரத்தின் சுவாசத்தைவிட, பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சே உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது.

கேள்வி (முதல் வாசகர்): முன்னோர் அறிவை இப்படி மறுப்பது சரியா? காரணம் இல்லாமலா அரச மரத்தைக் கோயிலில் வைத்தார்கள்?

பதில்: அரச மரத்தைக் காக்கக் காரணங்கள் ஏராளம். அத்தி, ஆல், அரசு ஆகியவை ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பழங்களைப் பறவைகளும் வௌவால்களும் உண்கின்றன. அவற்றின் மகரந்தச் சேர்க்கை சிறு குளவிகளை நம்பியிருக்கிறது. கோயில் மரம் என்பதால் வெட்டாமல் விட்டதன் பயன் இந்த உயிர்களுக்கு இன்றும் கிடைக்கிறது. மேலும், இரவு ஆக்சிஜன் என்னும் கூற்றை முன்னோர் தலையில் ஏற்றுவதே பொருந்தாது. ஆக்சிஜன் தனிப்பொருளாக அறியப்பட்டதே 1770களில்தான். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (மாணவர், சேலம்): அதிக வெப்பத்தில் நொதிகள் இறந்துவிடுகின்றன என்று எழுதலாமா?

பதில்: கூடாது. நொதி ஒரு மூலக்கூறு. அதற்கு உயிர் இல்லை, ஆகவே சாவும் இல்லை. அதன் மடிப்பமைப்பு குலைந்து "இயல்பிழக்கிறது" என்று எழுதுங்கள்.

கேள்வி (மாணவி, திருநெல்வேலி): ஓங்கு பண்பு என்றால் மக்களிடையே அதிகமாகக் காணப்படும் பண்பு என்று புரிந்துகொண்டேன். சரியா?

பதில்: சரியல்ல, எனினும் மிகப் பலருக்கு வரும் பிழை என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஓங்குதன்மை என்பது ஒரே உயிரியில் ஒரு ஜீனின் இரண்டு வேறுபட்ட வடிவங்கள், அதாவது அல்லீல்கள், சேர்ந்திருக்கும்போது எதன் விளைவு வெளியே தெரிகிறது என்பதைக் குறிக்கும். ஓர் அல்லீல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது இனக்கூட்டத்தின் கணக்கு. இரத்த வகையில் ஓ அல்லீல், ஏ, பி ஆகியவற்றுக்கு ஒடுங்கியது. ஆயினும் ஓ வகையினர் உலகெங்கும் மிகுதியாக உள்ளனர். மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய்க்குரிய அல்லீல் ஓங்கியது, நோயோ அரிது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். 1866இல் மெண்டல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் உருண்டை விதை ஓங்கியது, சுருங்கிய விதை ஒடுங்கியது. சுருங்கிய விதைக்குக் காரணமான அல்லீலில் சுமார் 800 கார இணைகள் நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று இடையில் செருகிக்கொண்டிருப்பது 1990இல் கண்டறியப்பட்டது. இதனால் ஸ்டார்ச்சைக் கிளைக்கச் செய்யும் நொதி ஒன்று செயலிழக்கிறது. ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை மிகுவதால், வளரும் விதைக்குள் சவ்வூடு பரவல் வழியே கூடுதல் நீர் புகுந்து உப்புகிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் வெளியேறி விதை சுருங்குகிறது. இனி, இரண்டு அல்லீல்களும் கலந்த விதையைப் பாருங்கள். வெளி வடிவத்தைப் பார்த்தால் அது முழு உருண்டை. ஆகவே முழு ஓங்குதன்மை. உள்ளிருக்கும் ஸ்டார்ச் மணிகளைப் பார்த்தாலோ அவை இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட அளவில் உள்ளன. ஒரே ஜீன், ஒரே ஜீனாக்கம் (அல்லீல்களின் சேர்க்கை). நீங்கள் புறத்தோற்றமாக எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஓங்குதன்மை முழுமையாகவோ முழுமையற்றதாகவோ அமைகிறது. "வலிமையான ஜீன்", "பலவீனமான ஜீன்" என்று தயவுசெய்து எழுத வேண்டாம்.

கேள்வி (பெற்றோர்): என் மகளுக்கு நீட் தேர்வுக்கு எந்தப் பயிற்சி மையம் நல்லது?

பதில்: என் துறை அன்று. பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி (மாணவர், மதுரை): பகலில் தாவரங்கள் சுவாசிக்குமா?

பதில்: சுவாசிக்கும். திண்டுக்கல் மாணவிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி (மாணவர், ஈரோடு): தொடர்ந்து மருந்து சாப்பிட்டதால் உடம்பு அதற்குப் பழகிவிட்டது, இனி வேலை செய்யாது என்கிறார்கள். இது பரிணாமமா?

பதில்: நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். மாறியது உங்கள் உடம்பு அன்று. உடம்பினுள் இருக்கும் பாக்டீரியக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் எதிர்ப்புத்தன்மை உள்ள சில பாக்டீரியங்கள் இருந்தால், மருந்து மற்றவற்றை அழிக்கும்போது அவை தப்பிப் பெருகுகின்றன. தனிப் பாக்டீரியம் மருந்தைக் கண்டு "தேவை" உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்வதில்லை. எதிர்ப்பைத் தரும் சடுதிமாற்றங்கள் (ஜீன்களில் நிகழும் மாற்றங்கள்) தாக்குதலுக்கு முன்பே தற்செயலாகத் தோன்றியிருக்கின்றன என்பதை, பாக்டீரியங்களைத் தாக்கும் வைரஸைக் கொண்டு 1943இல் லூரியாவும் டெல்புரூக்கும் காட்டினார்கள். ஆகவே "வாழ்வதற்காக மாறின" என்று எழுதாதீர்கள். "மாறுபட்டிருந்தவை பிழைத்தன" என்று எழுதுங்கள். தகவமைப்பு, இயற்கைத் தேர்வு, பரிணாமம் மூன்றையும் இனக்கூட்டத்தின் நிலையில் வைத்தே பேச வேண்டும்.

கேள்வி (மாணவி, வேலூர்): வைரஸ் உயிருள்ளதா, உயிரற்றதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: செல்லுக்கு வெளியே வளர்சிதை மாற்றம் இல்லாதது, செல்லுக்குள் பெருகக் கூடியது; இந்த இரண்டையும் எழுதினால் போதும்.

கேள்வி (மாணவர், கரூர்): ஓங்கு ஜீன்தானே வலிமையான ஜீன்?

பதில்: இல்லை. மேலே படியுங்கள்.

கேள்வி (மாணவி, நாகர்கோவில்): வௌவாலின் சிறகும் பறவையின் சிறகும் அமைப்பு ஒத்த உறுப்புகளா, செயல் ஒத்த உறுப்புகளா? இரண்டு வழிகாட்டி நூல்களில் இரண்டு விடைகள் உள்ளன.

பதில்: எதை ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் விடை தர முடியாத கேள்வி இது. முன்னங்கால்கள் என்ற முறையில் அவை அமைப்பு ஒத்தவை. நான்கு கால்களுடைய பொது மூதாதையிடமிருந்து வந்த மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள் இரண்டு, விரல் எலும்புகள் ஆகியவை இரண்டிலும் உள்ளன. சிறகுகள் என்ற முறையில் அவை செயல் ஒத்தவை. அந்த மூதாதைக்குச் சிறகு இல்லை, பறக்கும் பரப்பு இரண்டிலும் தனித்தனியே தோன்றியது. வௌவாலில் அந்தப் பரப்பு நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த தோல், பறவையில் இறகுகள். ஒரு மதிப்பெண் வினாவில் இது வந்தால், உங்கள் பாடநூல் எந்த நோக்கில் ஒப்பிட்டிருக்கிறதோ அதையே குறியுங்கள். விரிவான விடையாக இருந்தால் இரண்டையும் எழுதி, வண்ணத்துப்பூச்சியின் சிறகைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் எலும்பே இல்லாததால், எந்த நோக்கில் பார்த்தாலும் அது செயல் மட்டுமே ஒத்தது.