மென்திறன் கேள்வி பதில்: பொறியியல் மாணவர்களுக்காக

(மென்பொருள் நிறுவனமொன்றில் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் ஒருவர் பதிலளிக்கிறார். மென்திறன் என்பது எழுத்து, பேச்சு, குழுப்பணி போன்ற திறன்கள்.)

ஐயா, மென்திறனுக்குத் தனியாகச் சான்றிதழ் வகுப்பில் சேரலாமா?

பணம் கட்டாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலிரண்டு பருவங்களிலும் தொழில்சார் ஆங்கிலம் இருக்கிறது. அதை ஒழுங்காகப் படியுங்கள்.

வேலையில் சேர்ந்ததும் புதியவர்கள் எதில் தடுமாறுகிறார்கள்?

எழுத்தில். குழுவில் ஒருவர் சென்னையிலும் மற்றவர் புனேயிலும் இருக்கையில், உங்களைப் பற்றிய மதிப்பீடு பெரும்பாலும் நீங்கள் தட்டச்சு செய்யும் வரிகளைக் கொண்டே உருவாகிறது. “சார், புரோகிராம் ஓடவில்லை” என்று செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கு, பதிலாக நான்கு கேள்விகள் வரும், அரைநாள் போய்விடும். அதையே, “தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியபின் உள்நுழைவுப் பக்கம் திறக்கவில்லை, இணைப்பு மறுக்கப்பட்டதாகப் பிழைச்செய்தி வருகிறது, சர்வரை மறுபடி தொடங்கியும் பயனில்லை, முழுப் பிழைச்செய்தியை இணைத்துள்ளேன்” என்று எழுதினால், மூத்தவர் ஒரே வரியில் வழிகாட்டிவிடுவார். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான ‘கிட்’டில் (Git) நிரலைச் சேர்க்கும்போது “மாற்றங்கள்” என்று மட்டும் குறிப்பெழுதுவதும் இதே நோய்தான், எதை, ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

சுய அறிமுகத்துக்கு மாதிரி ஒன்று தரவும்.

தரமாட்டேன். மனப்பாட அறிமுகம் இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும்.

தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலம் சரளமாக வராது.

மேலே காட்டிய செய்தியில் அலங்காரம் ஏதுமில்லை, கவனித்தீர்களா? முதலில் தமிழில் வரிசைப்படுத்துங்கள்; பிறகு சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

பேராசிரியர் ஒருவர்: மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர்கள் செய்வதில்லை. இவற்றையெல்லாம் எப்படி அளப்பது?

அளக்கத்தான் வேண்டும் என்று, பொறியியல் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் தேசிய அங்கீகார வாரியமே சொல்லியிருக்கிறதே! அந்த வாரியத்தின் வழியாகத்தான், பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா முழு உறுப்பினரானது. படிப்பை முடிக்கும் மாணவரிடம் இருக்க வேண்டியவை என்று வாரியம் நெடுங்காலம் வகுத்திருந்த 12 கற்றல் விளைவுகளில் ஒன்பதாவது குழுப்பணி, பத்தாவது தொடர்புத்திறன். ஆனால் பல கல்லூரிகளில் அவை கோப்பில் நிரப்பும் கட்டங்களாகவே நின்றுவிட்டன. இறுதியாண்டுத் திட்டப்பணியில் நால்வருக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் ஒருவர் உழைப்பார், மூவர் கையெழுத்திடுவார்கள். ஆகவே ஒவ்வொருவரும் எழுதும் குறிப்புகளைப் பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள்.

அதே பேராசிரியர்: 60 பேரின் குறிப்புகளை நான் ஒருவன் படிப்பதா?

எல்லாவற்றையும் நீங்கள் படிக்க வேண்டாம். ஒரு குழுவின் நிரலை இன்னொரு குழு பார்த்துக் கருத்தெழுதட்டும்; அந்தக் கருத்துக்கும், அதற்கு எழுதப்பட்ட மறுமொழிக்கும் மதிப்பெண் கொடுங்கள். “நன்று” என்று எழுதியவருக்குப் பூஜ்யம். தன் நிரலைக் குறை சொன்னவருக்குக் கோபப்படாமல் பதிலெழுதுவது எந்தக் குழு விவாத வகுப்பிலும் கிடைக்காத பயிற்சி.

சம்பளத்தைப் பேசி உயர்த்துவது எப்படி?

என் துறையன்று, மனிதவளத் துறையினரிடம் கேளுங்கள்.

அறிமுக உரைக்குச் சான்றிதழ் வகுப்பு...

முதல், மூன்றாம் பதில்களைப் பாருங்கள்.

மின்னஞ்சலைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரலாமா?

இலக்கணம் திருத்தலாம். ஆனால், நீங்கள் செய்யாத சோதனையைச் செய்ததாகவும் அது எழுதிவிடும். அனுப்புமுன் அந்த வரியைத் தேடி நீக்குங்கள்.